டாவின்ச்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: இரண்டு நிமிட த்ரில்லர் தொடக்கத்துக்குப் போதுமா?

கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனலின் ஏ.எஸ்., ஏ லெவல் மீடியா ஸ்டடீஸ் பாடத்தில் (குறியீடு 9607) வரும் செய்முறைப் பணிகளில் ஒன்று, புதிய கதைப்படம் ஒன்றின் டைட்டிலும் தொடக்கமும். அதிகபட்சம் இரண்டு நிமிடம். எடுத்து முடித்த பிறகு எழுத வேண்டிய விமர்சனக் குறிப்பில் ஒரு கேள்வி வரும்: உங்கள் படைப்பு மரபுகளை எப்படிப் பயன்படுத்துகிறது அல்லது மீறுகிறது, சமூகக் குழுக்களையோ பிரச்சினைகளையோ எப்படிக் காட்டுகிறது? இதற்கு த்ரில்லரை எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். செலவு குறைவு, ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு ஜோடி கையுறை இருந்தால் தொடங்கிவிடலாம். அதனாலேயே பத்துப் படம் பார்த்தால் எட்டில் முகம் தெரியாத ஆள் மேசையில் கத்தியையும் புகைப்படங்களையும் அடுக்கிக்கொண்டிருப்பான்.

இந்த வேலைக்கு டாவின்ச்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு எவ்வளவு தூரம் வரும் என்பதுதான் இங்கே கேள்வி. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2009இல் டாவின்ச்சி சிஸ்டம்ஸை வாங்கியது. அப்போது ரிசால்வ், படத்தின் நிறத்தைத் திருத்தும் டி.ஐ. வேலைக்கான கருவி மட்டுமே. பின்னர் எடிட்டிங் சேர்ந்தது, 2017இல் ஃபேர்லைட் என்ற ஒலிப் பகுதி, 2018இல் ஃப்யூஷன் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் பகுதி. இன்று எல்லாம் ஒரே மென்பொருளுக்குள், ஒரே டைம்லைனில்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். போதும், தாராளமாகவே போதும். ஆனால் பலரும் இதை நிறுவுவது நிறத்தைத் திருத்தும் கலர் பேஜுக்காக. இந்தப் பணியில் மதிப்பெண்ணை மாற்றக்கூடியது ஃபேர்லைட் பேஜ். நீல நிறமும் இருட்டு ஓரமும் எந்த செயலியிலும் ஒரு தட்டலில் வந்துவிடும். படத்தில் மரபை உடைத்துவிட்டு ஒலியால் அதைத் தாங்கிப் பிடிப்பது, அல்லது அதைத் தலைகீழாகச் செய்வது, படமும் ஒலியும் அருகருகே இருக்கும் இடத்தில்தான் சுலபம்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில. 16 ஜி.பி. ரேம் இருந்தால் நிம்மதி. ஃப்யூஷனில் அதிகம் வேலை செய்வதானால் 32. லினக்ஸில் இலவசப் பதிப்பு, ஃபோன்களும் கேமராக்களும் பரவலாகப் பயன்படுத்தும் எச்.264 வகைக் கோப்புகளைத் திறக்காது, ஆகவே விண்டோஸ் அல்லது மேக். விண்டோஸிலும் சில கேமராக்களின் 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகம் உள்ள) கோப்புகளைப் போட்டால் ஒலி மட்டும் வரும், படம் வராது. கேமராவை 8 பிட்டுக்கு மாற்றி எடுத்துவிடுவது நல்லது. ஐஃபோனில் எச்.டி.ஆர். வீடியோவை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் வெளிச்சப் பகுதியெல்லாம் வெளுத்துப் போய் நிற்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் சறுக்கும் இடம் ஃப்ரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது. டைம்லைன் உருவாகிவிட்ட பிறகு அந்த புராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை ரிசால்வ் மாற்ற விடாது. முதல் கிளிப்பைப் போடும்போது மாற்றவா என்று கேட்கும். படிக்காமல் அழுத்தினால் 30இல் பூட்டிக்கொண்டு, 25இல் எடுத்த ஷாட்டெல்லாம் துள்ளும். புராஜெக்ட் செட்டிங்ஸில் முதலில் 25 என்று வைத்துவிட்டு, பிறகு கிளிப்பைப் போடுங்கள். ஃபோனின் சொந்தக் கேமரா செயலி ஃப்ரேம் ரேட்டைத் தன்னிஷ்டத்துக்கு ஏற்றி இறக்கும். நீளமான ஷாட்டில் வசனம் உதட்டிலிருந்து விலகிப்போவது இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவந்தால் சரியாகும். இன்னும் நல்ல வழி, பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச செயலியில் எடுப்பது. 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறன், ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் பூட்டிவிடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் டியூப் லைட் துடிப்பும் அடங்கிவிடும்.

இனி இருட்டு. இலவசப் பதிப்பின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது: படத்தின் மணல் மணலான இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் இதில் இல்லை, கட்டணப் பதிப்பில் மட்டுமே. இருட்டறையில் ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று ஏற்றி எடுத்தால் நிழல் முழுக்க வண்ணப் புள்ளிகள் ஓடும், அதை இங்கே துடைக்க முடியாது. தவறு மென்பொருளில் மட்டுமல்ல. லோ கீ ஒளி என்றால் வெளிச்சம் குறைவு என்று நினைப்பதில் தொடங்குகிறது அது. லோ கீ என்பது விகிதம். முகத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூடுதலாக, அதாவது 8:1 என்று இருந்தால் காட்சி இருட்டாகத் தெரியும். கேமராவுக்கோ போதிய வெளிச்சம் கிடைத்திருக்கும்.

செய்முறை இது. ஜன்னலை மூடுங்கள், மேல் விளக்கை அணையுங்கள். ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கை நடிகருக்குப் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு மீட்டர் தொலைவில் வையுங்கள். மறுபக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள்; வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை அது விழுங்கும். இந்தத் துணிதான் பெரும்பாலான மாணவர் படங்களில் இல்லாத பொருள். ஐ.எஸ்.ஓ. 200, 400க்குள் வைத்து, பார்ப்பதற்குக் கொஞ்சம் பிரகாசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கலர் பேஜில் இருட்டுக்குக் கொண்டுவருவது மூன்று நோட் (ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கட்டம்) வேலை. முதல் நோடில் லிஃப்டையும் (நிழல் பகுதி) காமாவையும் (நடுத்தர ஒளி) இறக்குங்கள். ஒளி அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் 0 முதல் 1023 வரை அளவு தெரியும். கருமை 40க்கும் 60க்கும் இடையே உட்காரட்டும், பூஜ்யத்தில் நசுங்க வேண்டாம். முகத்தின் ஒளிப்பக்கம் 550ஐ ஒட்டி, நிழல்பக்கம் 150 வாக்கில் இருந்தால் ஃபோன் திரையிலும் உருவம் தெரியும். இரண்டாவது நோடில் நிறச் செறிவான சாச்சுரேஷனை 50இலிருந்து 40 வரை. மூன்றாவதில் வட்டமான பவர் விண்டோ (திருத்தும் பகுதியைக் குறிக்கும் வடிவம்) போட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் இறக்கி, அசைவைப் பின்தொடரும் டிராக்கரை ஓடவிட்டால் நடிகர் நகர்ந்தாலும் ஒளி கூடவே போகும். விண்டோவின் ஓரத்தை நன்றாக மென்மையாக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ டார்ச் அடித்த மாதிரி இருக்கும்.

யூடியூபில் ஏற்றிய பிறகு இருட்டுச் சுவரில் படிப்படியாகக் கோடுகள் தெரிவதுண்டு. 8 பிட் படத்தை இறுக்கி அடக்கும்போது வருவது. ஃபிலிமில் தெரிவது போன்ற மெல்லிய துகளான கிரெய்ன் போட்டால் கோடு உடையும். கலர் பேஜின் ஃபிலிம் கிரெய்ன் கட்டணத்துக்கு உட்பட்டது, போட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். ஃப்யூஷன் பேஜில் உள்ள ஃபிலிம் கிரெய்ன் நோட் இலவசம். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மரபைப் பின்பற்றுவது இத்தனை. மீறுவதற்கு வருவோம். இங்கே ஒரு தவறான புரிதல் உண்டு: எல்லாவற்றையும் மாற்றிப் போட்டால் புதுமை என்று. இரண்டு நிமிடத்துக்குள் வகைமை எது என்று பார்வையாளர் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளிச்சம், இசை, வெட்டு வேகம், பாத்திரம் நான்கையும் மாற்றினால் அது வேறு வகைப் படமாகத்தான் தெரியும். மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றை உடைப்பதே வேலை செய்கிறது. அதிலும் நல்ல பயன் தருவது வெளிச்சத்தை உடைப்பது. த்ரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக் 1959இல் வந்த தன் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் நாயகனை நட்டநடுப் பகலில், மறைவே இல்லாத வயல்வெளியில் நிற்கவைத்து விமானத்தை ஏவியது இருட்டுத் தெருமுனைக்குச் சொன்ன பதில்தான்.

பகலில் எடுப்பதற்கென்று ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான ஃபோன்களில் லென்ஸ் துவாரம் மாறாது. வெயிலில் 1/50 ஷட்டர் வைத்தால் எல்லாம் வெளுத்துவிடும், ஷட்டரை 1/1000க்குத் தள்ளினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ஒளியைக் குறைக்கும், மாற்றக்கூடிய என்.டி. ஃபில்டர் ஒன்றைக் கவ்வி வைத்துத்தான் எடுக்க வேண்டும். (அந்த வெட்டு அசைவு ஓட்டக் காட்சிக்குப் பொருந்தும். வேண்டுமென்றே செய்தீர்கள் என்றால் விமர்சனக் குறிப்பில் எழுதுங்கள். எழுதாவிட்டால் தவறாகத்தான் படும்.) நிறம் திருத்தும் கிரேடிங்கில் நீலத்தை அண்டவே விடாதீர்கள். சாச்சுரேஷன் 50 அல்லது 55, வெண்மை 900ஐத் தாண்டாமல், நிழல்கள் திறந்து. ஒரு பால் பாக்கெட் விளம்பரம் போலப் பளிச்சென்று இருக்கட்டும். பயம் முழுவதையும் ஒலி சுமக்கும்.

அந்த ஒலிக்கு ஃபேர்லைட். மாணவர் த்ரில்லரில் எங்கும் கேட்பது ஒரே சீராக அடியில் முனகும் ‘ட்ரோன்’ என்ற நீண்ட ஓசை. அதை 50, 60 ஹெர்ட்ஸில் செய்து, ஹெட்ஃபோனில் கேட்டு மகிழ்ந்து அனுப்பிவிடுகிறார்கள். மதிப்பிடுபவர் லேப்டாப்பில் பார்த்தால் அது கேட்கவே கேட்காது, அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் ஆழ்ந்த ஓசை வெளிவராது. திகில் என்று நினைத்தது வெறும் மௌனமாகிவிடும். டிராக்கில் டிஸ்டார்ஷன் எஃபெக்டைக் கொஞ்சமாகப் போட்டால் மேலே 150, 200 ஹெர்ட்ஸில் துணையொலிகள் பிறக்கும். சின்ன ஸ்பீக்கரிலும் முனகல் புலப்படும். முடித்த பிறகு ஒரு முறை ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஓசையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். திடீர் நிசப்தம் த்ரில்லரின் பழைய ஆயுதம், ஆனால் டிராக்கை முழுவதுமாக அறுத்துவிட்டால் ஏதோ பழுதானது போல இருக்கும். அறை ஓசையை மட்டும் மைனஸ் 50 டெசிபல் வாக்கில் விட்டுவிட்டு மற்றதை நிறுத்துங்கள், காது தானாகக் கூர்மையாகும். குளிர்சாதனப் பெட்டி, டியூப் லைட்டின் ரீங்காரத்தை டி-ஹம்மர் என்ற எஃபெக்டில் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்து எடுக்கலாம். பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசொலேஷன் கட்டணப் பதிப்பில்தான். அதை நம்பித் தெருவோரம் வசனம் எடுக்காதீர்கள். தொடக்கக் காட்சிக்கு வசனம் எத்தனை குறைவோ அத்தனை நல்லது.

காலடி, கதவு, சாவி போன்ற சத்தங்களுக்கு பிளாக்மேஜிக் தளத்தில் ஒரு சவுண்டு லைப்ரரி இலவசமாகக் கிடைக்கிறது, தனியாகத் தரவிறக்க வேண்டும். பணியின் விதிப்படி படமும் ஒலியும் மாணவர்களே உருவாக்கியவையாக இருக்க வேண்டும், காப்புரிமைச் சிக்கலில்லாத இசைக்கும் ஒலி எஃபெக்டுக்கும் மட்டும் விலக்கு. ஆனாலும் சொந்தமாகப் பதிவு செய்ததே மேல். மைக்கைப் பொருளுக்கு 15 செ.மீ. அருகில் வைத்து, உண்மையில் கேட்பதைவிட நெருக்கமாகப் பதிவு செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு பெண்மணி வெங்காயம் நறுக்குகிறார். கத்தி பலகையில் படும் ஓசை மட்டும் அளவுக்கு மீறி அருகில், தெரு ஓசை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகிறது. கையுறையும் வேண்டாம், முகமூடியும் வேண்டாம். மரபுக்குள்ளும் இருக்கிறது, வெளியிலும் நிற்கிறது.

ஒலியின் அளவு பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து மிக்ஸ் செய்தால் அதிர்ச்சிக்கு இடமே மிஞ்சாது. சாதாரணச் சூழல் ஓசை மைனஸ் 30 டெசிபல் அருகே ஓடட்டும், உச்சம் மைனஸ் 6. யூடியூப் சத்தமான ஒலியைத் தானே குறைத்துவிடும், மெல்லியதைக் கூட்டித் தராது. இரண்டுக்கும் நடுவே இந்த இடைவெளி பாதுகாப்பானது.

எடிட் பேஜ் எதிர்பார்த்த மாதிரியே இருக்கிறது, அடோபியின் பிரீமியர் மென்பொருள் பழகியவருக்கு ஒரு மாலை போதும். த்ரில்லருக்கு முக்கியமானது ஜே கட்: அடுத்த ஷாட்டின் ஒலி 12 முதல் 20 ஃப்ரேம் முன்னாலேயே நுழைவது. ஆல்ட் விசையை அழுத்தியபடி கிளிக் செய்தால் ஒலி மட்டும் தேர்வாகும், அதன் ஓரத்தை இடப்பக்கம் இழுத்தால் முடிந்தது. பிணைப்பை அவிழ்க்கத் தேவையில்லை. அவிழ்த்துவிட்டு மறந்தால்தான் பின்னர் ஒரு ஷாட்டை நகர்த்தும்போது ஒலி பின்தங்கி நிற்கும்.

எடிட் இண்டெக்ஸைத் திறந்தால் எத்தனை வெட்டுகள் என்பது பட்டியலாக வரும். 120 வினாடியில் 40 ஷாட் என்றால் சராசரி 3 வினாடி. இது வழக்கமான வேகம். முதல் 45 வினாடியை ஒரே ஷாட்டில் ஓட்டிவிட்டு மீதியில் வேகமெடுப்பது நல்ல மீறல். அதற்கு ஒத்திகை வேண்டும், நடுவில் ஒரு தடுமாற்றம் வந்தாலும் ரிசால்வின் ஸ்டெபிலைசர் முழுதாகக் காப்பாற்றாது. ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கித்தான் அது அசைவைக் குறைக்கிறது. அதனால் 4கேயில் எடுத்து 1080 டைம்லைனில் போடுங்கள்.

பாத்திரத்தில் மரபை மீறுவதற்கு எந்த மென்பொருளும் உதவாது. துரத்தப்படும் பெண்ணுக்குப் பதில் ஆணை ஓடவிட்டால் மட்டும் பிரதிநிதித்துவக் கேள்விக்கு விடை ஆகிவிடாது. யார் யாரைப் பார்க்கிறார், கேமரா யாருடைய கண் என்பது மாற வேண்டும். எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954இல் சிவாஜி கணேசனைத் தொடக்கத்திலேயே சுட்டு வீழ்த்தியது, பாட்டே இல்லாமல் படத்தை ஓட்டியது. உடைத்தது நட்சத்திர வழக்கத்தை. குண்டுச் சத்தம், பிணம், விசாரணை எல்லாம் மரபுப்படியே இருந்தன.

டைட்டிலுக்கு டெக்ஸ்ட் பிளஸ் என்ற எழுத்துக் கருவி. பத்துப் பெயர் அட்டை, ஒவ்வொன்றும் 3 வினாடி என்றாலே 30 வினாடி, படத்தில் கால்வாசி. கடைசி நேரத்தில் ஒட்டும் வேலை அல்ல இது; படமெடுக்கும்போதே எழுத்து உட்கார வெற்றிடம் விட்டு ஃப்ரேம் வைக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம் முதலில், நடிகர்கள், படத்தின் பெயர், தொழில்நுட்பக் கலைஞர்கள், இயக்குநர் கடைசியில் என்ற வரிசை பார்ப்பவருக்குப் பழகியது. சிறிய எழுத்து, எழுத்துகளுக்கிடையே சற்று அகலம், 8 ஃப்ரேமில் தோன்றி 8 ஃப்ரேமில் மறைவது: இது பாதுகாப்பான வழி. கிறுக்கலாகத் துடிக்கும் எழுத்து, 1995இல் ‘செவன்’ படம் வந்த பிறகு எல்லோரும் செய்து ஓய்ந்த ஒன்று. பெயர்களைக் காட்சிக்குள்ளேயே, ஒரு பார்சலின் முகவரிச் சீட்டிலோ மருந்துச் சீட்டிலோ ஒட்டவைப்பது ஃப்யூஷனின் டிராக்கரால் முடியும். அதைவிட எளிது, உண்மையிலேயே அச்சடித்து ஒட்டிப் படமெடுப்பது. டைட்டில் தமிழில் என்றால் கொம்பும் புள்ளியும் சரியான இடத்தில் வருகின்றனவா என்று முதல் அட்டையிலேயே சோதியுங்கள். பிசகினால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்பாகக் கொண்டுவரலாம்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேண்டுமென்றால் டைம்லைன் மெனுவில் அவுட்புட் பிளாங்கிங், அகல-உயர விகிதம் 2.39. 1080இல் மேலே 138, கீழே 138 பிக்சல் போய்விடும். அதற்கேற்ப எடுக்காத ஷாட்டில் நடிகரின் தலை பறிபோகும். பட்டை போட்டதால் சினிமா ஆகிவிடாது.

குழுவாக வேலை செய்பவர்களை இந்த மென்பொருள் ஒரு விஷயத்தில் படுத்தும். புராஜெக்ட் என்பது தனிக் கோப்பாக இருக்காது, உள்ளே ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். வீட்டிலிருந்து பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோக எக்ஸ்போர்ட் புராஜெக்ட் கொடுத்தால் வெட்டுகள் மட்டும் போகும், படம் போகாது. திறந்ததும் திரை முழுக்க சிவப்பில் மீடியா ஆஃப்லைன். எக்ஸ்போர்ட் புராஜெக்ட் ஆர்கைவ் என்பதைக் கொடுத்தால்தான் கிளிப்புகளும் சேர்ந்து வரும். புதிய பதிப்பில் திறந்துவிட்ட புராஜெக்ட் பழைய பதிப்புக்குத் திரும்பாது என்பதால், ஆய்வகத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதையே வீட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள். பணி முடியும் வரை அப்டேட்டைத் தொடாதீர்கள்.

ஸ்டூடியோ என்ற கட்டணப் பதிப்பு 295 டாலர், ஒருமுறை மட்டும், இரண்டு கணினியில் பயன்படுத்தலாம். நாய்ஸ் ரிடக்‌ஷனுக்காக அதை வாங்கும் எண்ணம் வந்தால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை விளக்குக்கும் கறுப்புத் துணிக்கும் செலவிடுங்கள், இரைச்சலே வராது. மிச்சத்தில் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம். மாதச் சந்தாவில் ஓடும் பிரீமியரைப் பள்ளி ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருந்தால் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப் என்றால் ரிசால்வ் பக்கம் போகவே வேண்டாம், ஷாட்கட் போன்ற இலகுவான மென்பொருள் போதும்.

வெளியே எடுக்க டெலிவர் பேஜில் எச்.264, 1920க்கு 1080, 25 ஃப்ரேம், வினாடிக்கு 20,000 கிலோபிட். இரண்டு நிமிடத்துக்குக் கோப்பு 300 எம்.பி. வரும். நீளம் 2:00ஐத் தாண்டுகிறதா என்று அங்கேயே பாருங்கள். டைம்லைனின் கடைசியில் மறந்துபோன ஒரு துண்டு ஒலி கிடந்தால் அதுவும் சேர்ந்து ரெண்டர் ஆகி, கறுப்புத் திரையாக நீளும்.